என் அறைக்குப் பரிசுச் சீட்டு

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். விடுதி நடத்துகிறவர்களில் இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்பார்கள். என்னிடம் மட்டும் யாரும் வந்து கேட்பதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இத்தனை வருடம் காத்திருந்து பார்த்துவிட்டேன். இனிமேல் கேட்காமலேயே சொல்லிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இவருக்கு இல்லை என்று சொல்ல வராது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் இவர் ஒரு பஸ் கம்பெனியில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கம்பி போட்ட சின்னச் சன்னல், வெளியே எப்போதும் ஒரு கூட்டம். கடைசி வண்டி இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா, வண்டியில் மறந்து வைத்த பெட்டி கிடைத்ததா என்று கேட்பார்கள். பதில் பெரும்பாலும் இல்லை என்பதுதான். நாள் முழுக்க அதையே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று நான் கேட்டால், போதும் என்று சொல்லவும் வாய் வராது. தலையை ஆட்டிவிட்டு மூச்சு முட்டச் சாப்பிடுவார்.

பிள்ளையில்லாத பெரியப்பா ஒருவர் இவருக்கு இந்த விடுதியை எழுதி வைத்துவிட்டுப் போனார். பஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த அன்று இவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"என் பங்குக்குச் சொல்ல வேண்டிய 'இல்லை'யெல்லாம் அந்த ஜன்னல்லயே சொல்லித் தீத்துட்டேன். இனிமே யார் வந்து கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லப்போறேன்."

அப்போது அது எனக்கு அழகான பேச்சாகத் தெரிந்தது. வயது அப்படி.

விடுதி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சரிவான தெருவில், ஒரு மருந்துக்கடைக்கும் தச்சுப்பட்டறைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற கட்டடம். கீழே நாலு அறை, மாடியில் மூன்று. வாசலுக்கு நேரே ஒரு மேசை, மேசைமேல் தட்டினால் சத்தம் போடும் மணி, சுவரில் சாவி மாட்டும் பலகை. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் நாங்கள்.

அங்கேதான் குடித்தனம். மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போகும்வரை அங்கேதான். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். இருமினால் வெளியே கேட்கும், சண்டை போட்டால் ஏழு அறைக்கும் கேட்கும் என்பதால் நாங்கள் சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகவே போட்டுப் பழகினோம். கோபத்தைக் கிசுகிசுப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை நான் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டித் துண்டு கேட்டார். அவருக்கு அதை எப்படிக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

எனக்குத் தையல் வரும். மற்ற விடுதிகளுக்குத் திரையும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்தேன். வருடக்கணக்காகத் தைத்துச் சேர்த்து, மாடி மூலையில் காலியாகக் கிடந்த மொட்டைத் தரையில் எங்களுக்கென்று ஓர் அறை கட்டினேன். ஆறு வளைந்து திரும்பும் இடத்தைப் பார்த்தபடி பெரிய சன்னல் வேண்டும் என்று கொத்தனாரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். மஞ்சள் திரை தைத்தேன். கட்டிலுக்கு மரம் பார்த்து வாங்கி, பக்கத்துப் பட்டறையில் செய்யச் சொன்னேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாக இருந்தது அந்தக் கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் மணிச் சத்தம் கேட்காது. முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வெறுமனே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதில் எனக்குக் கதவு கிடைத்திருந்தது.

பரிசுச் சீட்டு என்பது எங்கள் மாப்பிள்ளையின் யோசனை. மகளின் கணவர், கணினி வேலை பார்ப்பவர், நல்ல பிள்ளை. ஒரு மழைக்காலத்தில் விடுமுறைக்கு வந்தவர், பாதி அறைகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு விளக்கினார். இப்போதெல்லாம் தங்குகிற நாட்களையே பரிசாக விற்கிறார்களாம். ஒருவர் இணையத்தில் பணம் கட்டி இரண்டு நாள் தங்கும் சீட்டு வாங்குவார். அதை இன்னொருவருக்கு அனுப்பி வைப்பார். அந்த இன்னொருவர் வசதிப்பட்ட நாளில் வந்து, சீட்டில் இருக்கும் எண்ணைக் காட்டித் தங்கிக்கொள்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விற்பதற்குப் படம் வேண்டும் என்று மாப்பிள்ளை கைபேசியோடு அறை அறையாகப் போனார். ஒன்றாம் அறையில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் அறையில் சுவர் ஓதம் ஏறி ஊறிக்கிடந்தது. மூன்றாம் அறையின் சன்னலைத் திறந்தால் தச்சுப்பட்டறையின் தகரக் கூரை. இப்படியே வந்து கடைசியில் எங்கள் அறையை எட்டிப் பார்த்தவர், இது ரொம்ப நல்லாயிருக்கே அத்தை, சும்மா ஒரு அழகுக்கு இதையே எடுத்துக்கறேன் என்றார். பெருமையில் எனக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளைக்குத் தேநீர் போடக் கீழே இறங்கிப் போனேன்.

நான் இறங்கிப் போன அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. படம் போட்டால் அதற்கு ஓர் அறை எண் கொடுக்க வேண்டும் என்று கணினி கேட்டிருக்கிறது. மாப்பிள்ளை இவரைக் கேட்டிருக்கிறார். ஏழுக்கு அடுத்தது எட்டு என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல் இவர், எட்டுன்னு போட்டுக்கோங்க மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். சீட்டு எத்தனை மாதம் செல்லும் என்று அடுத்த கேள்வி. பரிசுக்குப் போய் யாராவது கெடு வைப்பார்களா என்று இவர் கேட்க, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். ஆக, நான் தேநீரோடு மேலே வருவதற்குள் என் அறை விற்பனைக்குப் போய்விட்டது. அதுவும் காலகாலத்துக்கும்.

இது எங்களுக்குத் தெரிந்தது முதல் சீட்டு வந்தபோதுதான். கல்யாணமான புது ஜோடி. இவர் ஐந்தாம் அறையைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கைபேசியை நீட்டி, இந்த அறை இல்லையா என்றாள். இவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் கட்டில், என் போர்வை, என் மஞ்சள் திரை. சன்னல் திட்டில் நான் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிகூட இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மன்னிக்கணும், படம் மாறிப் போச்சு என்று சொல்லியிருப்பார்கள். இவர், ஒரு மணி நேரம் குடுங்க, ரெடி பண்ணித் தர்றேன் என்றார். இந்த 'ரெடி' என்பது என்னவென்றால் நானும் அறை சுத்தம் செய்யும் அக்காவும் மூச்சு வாங்க ஓடி, என் துணிமணிகளை அள்ளி மூட்டை கட்டி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் துணி அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே படுக்கை விரிப்புகள் அடுக்கும் இரும்பு அலமாரிக்கும் சலவைப் பொடி மூட்டைகளுக்கும் நடுவில் இரண்டு மடக்குக் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. அந்தப் பொடி நெடிக்கு எனக்குத் தும்மல் வரும். விடிய விடியத் தும்மினேன். இவர் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பாவம் சின்னஞ்சிறுசுங்க, எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க பாத்தியா என்றார்.

அந்தச் சின்னஞ்சிறுசுகள் ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொன்னார்கள். பரிசுச் சீட்டு பிய்த்துக்கொண்டு விற்றது. இவர் சொந்தச் செலவில் ஒவ்வொரு சீட்டுக்காரருக்கும் எலுமிச்சை ஜூஸ் வேறு கொடுத்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பரிசு கொடுத்தவர் இணையத்தில் எழுதிய வாழ்த்தைத் தாளில் அடித்து, தலையணைமேல் வைக்கச் சொன்னார். அதை வைப்பது என் வேலை. என் தலையணைமேல் வேறு யாருக்கோ வாழ்த்து.

வந்தவர்களைப் பற்றிச் சொன்னால் விடியும். ஒருவர் ஒரு நாள் மட்டும் தங்கிவிட்டு, மிச்ச ஒரு நாளைச் சில்லறையாக வாங்க முடியுமா என்றார். இன்னொருவர் அலுவலகத்தில் கொடுத்த சீட்டு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியது சம்பள உயர்வாம், கொடுத்தது இதுவாம். அந்தக் கோபத்தை இரண்டு நாளும் என் சன்னலிடம் காட்டினார், கொண்டி கழன்றுவிட்டது. ஒரே சீட்டை அச்செடுத்து அண்ணன் தம்பி மூன்று பேரும் தனித்தனியாக வந்த கதையும் உண்டு. முதல் ஆள் தங்கிய பிறகு அந்த எண் செல்லாது என்று கணினி சிவப்பாகக் காட்டியது. கணினிக்கு இருந்த துணிச்சல் இவருக்கு இல்லை. அவ்வளவு தூரம் வந்துட்டாங்களே என்று மற்ற இருவரையும் தங்கவைத்தார். ஓர் அம்மாள், படத்தில் சன்னல் திட்டில் மூக்குக்கண்ணாடி இருக்கிறதே, அது எங்கே என்று கேட்டார். அது என் மூக்கின்மேல் இருந்தது. காட்டினேன்.

அறை சுத்தம் செய்யும் அக்காவுக்கு என் பிழைப்பு வேடிக்கையாகிவிட்டது. காலையில் துடைப்பத்தோடு வந்து, இன்னிக்கு நீங்க எந்த ரூம்மா என்று கேட்பார். நான் முறைத்தால், தெரிஞ்சாத்தானே எங்க பெருக்கணும்னு தெரியும் என்பார். அதிலும் நியாயம் இருந்தது.

படத்தை எடுத்துவிடச் சொல்லி இவரிடம் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எடுத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள் என்றார். சரி, புதிதாக விற்பதையாவது நிறுத்துங்கள் என்றேன். மாப்பிள்ளை ஆசையாகச் செய்து கொடுத்தது, அவர் மனம் நோகும் என்றார். மாப்பிள்ளையை நான் திட்ட முடியாது. மாப்பிள்ளையை யார் திட்டியிருக்கிறார்கள்? அதனால் அவர் பங்குத் திட்டும் சேர்த்து இவருக்கே விழுந்தது. மகளிடம் சொன்னேன், அப்பாகிட்ட சொல்லும்மா என்றாள். மாப்பிள்ளையிடமே நயமாகச் சொல்லிப் பார்த்தேன். மாமா ஒரு வார்த்தை சொன்னா உடனே எடுத்துடறேன் அத்தை என்றார். மாமாவின் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே நான் தவமிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் நானே அந்தக் கணினியில் புகுந்தேன். நாட்காட்டியில் எந்தெந்த நாளில் அறை கொடுக்க முடியாது என்று அடைத்து வைக்கலாம், அதை மாப்பிள்ளை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். என் சொந்தக் கட்டிலில் படுக்க நாலு நாளை அடைத்தேன். உடனே காரணம் கேட்டது. சுத்தம், பழுது, மற்றவை என்று மூன்று காட்டியது. மற்றவை என்றால் என்ன என்று எழுத வேண்டுமாம். நான் என் அறையில் தூங்க வேண்டும் என்று ஓர் இயந்திரத்துக்கு விண்ணப்பம் எழுத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பழுது என்று அழுத்தினேன்.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். இவர் கீழே துணி அறையிலேயே படுத்துக்கொண்டார், அறை பழுதாயிற்றே என்று. நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்கவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டினார். திறந்தால் பக்கத்தில் குழாய் ரிப்பேர்காரர், கையில் குறடு. எட்டாம் அறை பழுது என்று கணினியிலிருந்து தகவல் வந்ததாம். ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்களாம், சீக்கிரம் சரி பண்ணிவிடலாமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். குழாய்க்காரரோ வந்த இடத்தில் சும்மா திரும்புகிற ஆள் இல்லை. கைகழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து எதையோ கழற்றி, எதையோ மாட்டினார். அவர் போன பிறகு அதுவரை ஒழுகாத குழாய் ஒழுக ஆரம்பித்தது.

அன்று நான் கிசுகிசுக்கவில்லை. ஏழு அறைக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன். இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு நாள்தானே. அவங்க வாழ்க்கையில ஒரு தடவை வர்றாங்க. நாம எப்பவும் இங்கதானே இருக்கோம்."

எப்போதும் இங்கேயே இருக்கிறவளுக்குத்தானே கதவு வேண்டும். வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவரவர் ஊரில் அவரவர் கதவு இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒழுகும் தொட்டிக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவர் இல்லை என்றே சொல்லாத மனிதர் என்று ஊரும் நினைக்கிறது, நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அந்தப் புது ஜோடிக்கு இருக்கு என்று சொன்ன அதே நிமிடத்தில் எனக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன் தம்பிகளுக்கும் அப்படித்தான், சில்லறை கேட்டவருக்கும் அப்படித்தான். ஊருக்குச் சொல்லாத இல்லையெல்லாம் என் ஒருத்தியின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்து அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அழுகையாக வந்தது. அழுது முடித்ததும் வேறொன்றும் தோன்றியது. மனைவிக்குக் கிடைக்காதது விருந்தாளிக்குக் கிடைக்கிறது என்றால், நான் விருந்தாளியாகிவிட்டால் என்ன?

என் தையல் காசில் இணையத்தில் ஒரு பரிசுச் சீட்டு வாங்கினேன். கொடுப்பவர் பெயர் கேட்டது, என் பெயரைப் போட்டேன். பெறுபவர் பெயர் கேட்டது, அங்கேயும் என் பெயரையே போட்டேன். வாழ்த்துச் செய்தி என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்தேன். 'நன்றாகத் தூங்கு' என்று எழுதினேன். முறைப்படி நாள் குறித்து முன்பதிவும் செய்தேன். சீட்டு வைத்திருந்த எவரும் இவ்வளவு ஒழுங்காக முன்பதிவு செய்து நான் பார்த்ததில்லை.

குறித்த நாளில் பின்பக்க வழியாகப் பெட்டியோடு வெளியே போனேன். மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு வந்து முன்வாசல் வழியாக நுழைந்தேன். இவர் மேசையில் இருந்தார். மாதா மாதம் வரும் சோப்பு ஏஜென்ட் சாவிக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் போகும்வரை வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கைபேசியை நீட்டினேன்.

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவரும் நிறுத்திக்கொண்டு, சீட்டின் எண்ணைத் தட்டினார். திரை பச்சையாகியது. என் பெயரை இரண்டு இடத்திலும் படித்தார், வாழ்த்தையும் படித்தார். பழக்க தோஷத்தில், அடையாள அட்டை ஏதாவது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். ஜூஸும் வந்தது. கதவருகில் நின்று, வேற ஏதாவது வேணுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று தாழ்ப்பாளைப் போட்டேன். ஜூஸில் சர்க்கரை அதிகம். எல்லாருக்கும் இப்படித்தான் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது.

அன்று முழுக்கத் தூங்கினேன். ஆனால் மனசுக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. காசு கொடுத்து இரண்டு நாள் வாங்கியாயிற்று, மூன்றாம் நாள் என்ன செய்வது? இப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் தைத்துக் கட்டுப்படியாகுமா?

மறுநாள் மாலை, விளக்குப் போடும் நேரம். தண்ணீர் எடுக்க வெளியே வந்தவள், கீழே பேச்சுக் குரல் கேட்டுப் படி முனையில் நின்றேன். ஒரு வயதானவர் வந்திருந்தார். முன்பதிவு கிடையாது. காரை வெகு தூரம் தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம், முதுகு நிமிரவில்லை. கைபேசியில் படத்தைக் காட்டி, என் பொண்ணு எனக்காக வாங்கினது, இந்த ரூம்தான் என்றார். குரலில் அதிகாரம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. மற்ற ஏழு அறையிலும் ஆட்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு அத்துப்படி. ஒரு மணி நேரம் குடுங்க என்பார். பிறகு படியில் இவர் காலடி கேட்கும், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு மேலே வருவார். நானும் பெட்டியைக் கட்டுவேன், ஏனென்றால் அந்த வயதானவர் உண்மையிலேயே பாவம்தான். இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கியதும் போகப் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

காலடி கேட்கவில்லை. இவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. இரண்டு தடவை செருமினார்.

"அந்த ரூம் குடுக்க முடியாதுங்க. அது என் வீட்டுக்காரி ரூம்."

வயதானவருக்குப் புரியவில்லை. யாருக்கும் தோன்றும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"அப்ப ஏன் சார் அதை விக்கிறீங்க?"

"தப்பா வித்துட்டேன்," என்றார் இவர். "அவளைக் கேக்காம வித்துட்டேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எத்தனை நேரம் பிடித்தது? ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே. அதற்காகவா நான் இத்தனை நாள் சலவைப் பொடியில் தும்மினேன் என்று எரிச்சலாகவும் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

கீழே பேச்சு தொடர்ந்தது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், படத்தை இன்றைக்கே எடுக்கச் சொல்வதாகவும் சொன்னார். வயதானவர் பெரிய மனிதர். படம் கிடக்கட்டும், முதுகைச் சாய்க்க ஓர் இடம் இருந்தால் போதும் என்றார். உடனே இவர், அதுக்கென்ன, நான் படுக்கிற கட்டில் இருக்கு வாங்க என்று அவரைத் துணி அறைக்குக் கூட்டிப் போனார். நான் தண்ணீரையும் மறந்து அறைக்குள் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். இவர் ஒரு போர்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். துணி அறையில் வயதானவர் படுத்தவுடன் தூங்கிவிட்டாராம். பக்கத்துக் கட்டிலில் தானும் படுத்து அவரை எழுப்ப வேண்டாம் என்று வந்தாராம். உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, விடுதிக்கு வருகிறவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"இடம் இருக்கா?"

முப்பது வருடத்தில் இவர் என்னிடம் இப்படிக் கேட்டு நிற்பது இதுவே முதல் தடவை. கட்டிலில் பாதி காலியாகத்தான் இருந்தது.

"இல்ல," என்றேன்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. போர்வையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். போகவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை. தரையைப் பார்த்தபடி வேறொன்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இதைவிட மோசமா இருந்துச்சு," என்றேன். "நான் சிரிச்சுக்கிட்டே கீழ இறங்கணும்."

தலையை ஆட்டினார். வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற ஆட்டல் இல்லை அது, காதில் விழுந்து உள்ளே இறங்கியதற்கான ஆட்டல். பிறகு படியிறங்கிப் போனார். மேசைக்கு எதிரே இருக்கும் நீள நாற்காலியில் படுத்துக்கொண்டார் என்பது காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது. இவர் படியிறங்கும்போதே பாவம் என்று மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது, அதை மறைப்பானேன். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். ஆனாலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். இரண்டு நாள் என்று வாங்கியிருந்தேன், எனக்கு இரண்டு நாளும் வேண்டியிருந்தது.